யாருக்கும் கேட்காத நான்கு தந்திகள்

மெட்டாலிகா குழு 1988இல் வெளியிட்ட ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ தொகுப்பில் பேஸ் கிட்டார் இருக்கிறது. வாசித்தவரின் பெயர் அட்டையில் அச்சாகியிருக்கிறது. முதல் பாட்டை எழுதிய மூவரில் ஒருவராகவும் அவர் பெயர் உண்டு. ஆனால் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தத் தொகுப்பை முழுக்கக் கேட்டாலும் பேஸ் காதில் விழுவது அபூர்வம். டிரம்ஸ் வறட்சியாக டிக் டிக்கென்று அடிக்கும். கிட்டார்கள் சுவர் மாதிரி நிற்கும். சுவருக்கு அடியில் அஸ்திவாரம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்.

வாசித்தவர் ஜேசன் நியூஸ்டெட். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் இறந்துபோனார். வயது 24. நண்பனைப் பறிகொடுத்த மூவரும் கொஞ்ச நாளிலேயே புது ஆளைச் சேர்த்துக்கொண்டு மறுபடி மேடை ஏறினார்கள். அந்தப் புது ஆளைச் சீண்டுவது வழக்கமாகிப்போனதைக் குழுவினரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பேஸைக் கேட்டும் கேட்காத அளவுக்குக் குறைக்கச் சொன்னது டிரம்மர் லார்ஸ் உல்ரிக்தான் என்று, ஒலிக்கலவை செய்த இருவரில் ஒருவரான ஸ்டீவ் தாம்சன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். தொடர் பயணத்தில் களைத்துப்போன காதுகள், கிட்டார் வாசித்ததையே பேஸும் வாசித்தது என்று வேறு காரணங்களும் சொல்லப்பட்டதுண்டு. 2018இல் மறுபதிப்பு வந்தபோதும் பேஸ் இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்போது ஒரு கேள்வி. மெட்டாலிகா பாட்டுகளை அச்சு அசலாக வாசிப்போம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு ட்ரிப்யூட் பேண்டில் நீங்கள் பேஸ் வாசிக்கிறீர்கள். இந்தத் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டு வருகிறது. அச்சு அசலாக என்றால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டுமா?

எனக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. பெங்களூருவில் நாங்கள் ஐந்து பேர், எல்லாருமே மென்பொருள் வேலை, சனி ஞாயிறுகளில் சேர்ந்து ஹெவி மெட்டல் வாசிக்கிறோம். முக்கால்வாசி அயர்ன் மெய்டன். நடுநடுவே பிளாக் சாபத், மெட்டாலிகா. நான் பேஸ். இரவல் பேஸில் ஓட்டிக்கொண்டிருந்த நான் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று ஆரம்பித்ததும் ‘எந்தப் பேஸ்?’ என்ற கேள்வி மாதக்கணக்கில் எங்களுக்குள் ஓடியது. கடைக்காரரிடம் கேட்டால் விலைப்பட்டியலைத் தருவார். எங்களுடைய கேள்வி விலைப்பட்டியலில் இல்லை. ஒருவரைப் போலச் செய்கிறேன் என்று சொன்ன பிறகு, அவருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன்? பார்க்கிறவர்களுக்குத் தெரியாத இடத்திலும் அந்தக் கடன் உண்டா?

ட்ரிப்யூட் என்பதற்குத் தமிழில் ஒரே சொல் கிடையாது. அகராதியைப் புரட்டினால் ஒரு பக்கம் கப்பம், திறை என்று இருக்கும். இன்னொரு பக்கம் அஞ்சலி, காணிக்கை என்று இருக்கும். ஆங்கிலத்தில் ஒன்றாகக் கிடப்பதைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது எனக்கு உதவியாக இருந்தது. கப்பத்தை வாங்குகிறவன் எண்ணிப் பார்ப்பான். ஒரு மூட்டை குறைந்தால் படை வரும். உண்டியலில் விழும் காணிக்கையையும் எண்ணுவார்கள்தான், ஆனால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று அதில் எழுதியிருக்காது. போட்ட கைக்கு மட்டும் தெரியும்.

ட்ரிப்யூட் பேண்டிடம் ரசிகர்கள் வசூலிப்பது பெரும்பாலும் கப்பம். நம் ஊரில் மெல்லிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். கோயில் கொடையில் பாடி முடித்ததும் ‘ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சுப்பா’ என்பதுதான் உச்சபட்சப் பாராட்டு. இடையிசையில் ஒரு புல்லாங்குழல் துணுக்கு விட்டுப்போனால் முன்வரிசையில் முகம் சுளிக்கும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வரும் மெய்டன் ரசிகர்களும் அப்படித்தான். பாடகரின் உச்சக் குரலை எண்ணிப் பார்ப்பார்கள், இரட்டைக் கிட்டார் சேர்ந்து ஓடும் இடங்களை எண்ணிப் பார்ப்பார்கள். பேஸை எண்ணுகிறவர்கள் குறைவு. மெய்டனில் பேஸ் நன்றாகவே கேட்கும் என்பது உண்மை. ஆனால் எந்த வகைத் தந்தி, எந்த விரல் என்றெல்லாம் தெரிந்து கேட்கிறவர்கள் ஒரு அரங்கில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆகவே பேஸ் வாசிக்கிறவன் தருவதில் பெரும்பகுதி காணிக்கைக் கணக்கில்தான் போகும். அவனுடைய நேர்மையைச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள்.

முதலில் கண்ணில் ஆரம்பிக்கிறேன். மெய்டனைத் தொடங்கியவரும் அதன் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவருமான ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த கருவி அது. அதுவரை பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் போன்ற கருவி. அதில் விரலை எங்கே வைப்பது என்பதைக் காதும் பழக்கமும்தான் முடிவு செய்ய வேண்டும். லியோ ஃபெண்டர் ஃப்ரெட் பதித்துக் கொடுத்தார். சுருதி துல்லியமாக நின்றது. அதனால்தான் பிரிசிஷன் என்று பெயர். ஹாரிஸ் 1970களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஒரு பிரிசிஷனை வைத்துக்கொண்டு பல காலம் ஓட்டினார். அதற்குப் பல முறை வண்ணம் மாற்றியிருக்கிறார். நீல மினுமினுப்பில் ஒரு காலம், வெள்ளையில் ஒரு காலம். வெள்ளை உடம்பில் அவருடைய கால்பந்து அணியான வெஸ்ட் ஹாம் யுனைடெட்டின் சின்னம்.

ஃபெண்டர் நிறுவனம் அவர் பெயரிலேயே பேஸ் வெளியிட்டிருக்கிறது. கையில் காசிருந்தால் வாங்கி மாட்டிக்கொண்டு நிற்கலாம். மேடையில் ஏறும் முன்பே பாதிக் கப்பம் கட்டியாகிவிடும். ஆனால் அந்தச் சின்னத்தை நினைத்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அது ஹாரிஸ் தன் பேட்டைக்குச் செலுத்திய காணிக்கை. கிழக்கு லண்டனில் பிறந்து, அந்த அணிக்கு விளையாட வேண்டும் என்று சிறுவயதில் ஆசைப்பட்டவர் அவர். வெஸ்ட் ஹாம் ஆட்டம் ஒன்றைக்கூட உட்கார்ந்து முழுதாகப் பார்க்காத நான் அதை நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு நின்றால், என்னிடம் இல்லாத ஒரு பாசத்தை அறிவிக்கிற மாதிரி இருக்கும். அவர் செய்ததை உண்மையிலேயே நானும் செய்வதென்றால் என் அணியின் சின்னத்தைத்தானே ஒட்ட வேண்டும்? சென்னை சூப்பர் கிங்ஸ் சிங்கத்தை ஒட்டலாமா என்று கேட்டேன். எங்கள் டிரம்மர் மதுரைக்காரன். “பெங்களூர்ல அத ஒட்டிட்டு மேடைல ஏறி உசுரோட எறங்குவியா?” என்றான்.

அமெரிக்காவில் தி அயர்ன் மெய்டன்ஸ் என்று ஒரு ட்ரிப்யூட் பேண்ட் இருக்கிறது. எல்லாரும் பெண்கள். மூலக் குழுவினரின் பெயர்களையே கொஞ்சம் திரித்து மேடைப்பெயராக வைத்துக்கொண்டு 20 வருடங்களுக்கு மேலாக வாசிக்கிறார்கள். உருவ ஒற்றுமை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் யாரும் அதைத் தேடுவதும் இல்லை. கண்ணுக்குக் கட்ட வேண்டிய கப்பத்தை இவர்கள் ஆரம்பத்திலேயே சிரித்துக்கொண்டு ரத்து செய்துவிட்டார்கள். கண் விஷயத்தில் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அடுத்தது காது. பேஸ் தந்தி என்பது ஒரு உலோக மையக் கம்பியும் அதைச் சுற்றியிருக்கும் இன்னொரு கம்பியும். சுற்றுக் கம்பி உருண்டையாக இருந்தால் அது ரவுண்ட்வுண்ட். தொட்டால் அரம் மாதிரி இருக்கும், சத்தம் பளிச்சென்று வரும். சுற்றுக் கம்பி தட்டையான நாடா போல இருந்தால் ஃபிளாட்வுண்ட். தொட்டால் வழவழவென்று இருக்கும், சத்தம் மந்தமாக, உருண்டு வரும். ராக்கிலும் மெட்டலிலும் பெரும்பாலோர் ரவுண்ட்வுண்டுக்குப் போய்விட்டார்கள். ஹாரிஸ் ஃபிளாட்வுண்டில் நிற்கிறார். ரோட்டோசவுண்ட் நிறுவனம் அவர் பெயரில் விற்கும் தந்திகளின் தடிமன் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 50, 75, 95, 110 பங்கு. வழக்கமான செட் 45இல் தொடங்கி 105இல் முடியும். தடித்த, வழவழப்பான, மந்தமான தந்தி. அதிலிருந்து அந்த உலோகச் சடசடப்பு எப்படி வருகிறது? அவர் விரலால் ஓங்கி அடிக்கிறார். தந்தி போய் ஃப்ரெட்டில் மோதுகிறது. பளபளப்பு தந்தியிலிருந்து வரவில்லை, கையின் பலத்திலிருந்து வருகிறது.

இதைச் சொன்னபோது டிரம்மர் சிரித்தான்.

“மச்சி, ஃபிளாட்டா ரவுண்டா, எவன்டா கேக்கப் போறான்? பளிச்சுனு ரவுண்ட மாட்டு. ஒரு பெடல் வாங்கி அதுல ஹாரிஸ் சவுண்ட செட் பண்ணு. முடிஞ்சுது.”

“அப்ப கையி?”

“கையி என்ன கையி. இன்னும் சொல்லப்போனா பேஸையே லேப்டாப்ல ஓட விட்டுரலாம். நீ ஸ்பீக்கர் மேல ஒரு காலத் தூக்கி வெச்சுக்கிட்டு நில்லு, போதும்.”

இதை விளையாட்டாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. காரணம், அவன் சொன்னது என் தொழில் தர்மம். ஒரு நிரலை எழுதுகிறவர்கள் நம்புவது இதைத்தான்: வெளியிலிருந்து பார்க்கும்போது கொடுப்பதும் வருவதும் ஒன்றாக இருந்தால், உள்ளே இருப்பதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பயனாளிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் மாதா மாதம் எனக்குச் சம்பளம் வருகிறது. அங்கே சரியாக இருப்பது இங்கே மட்டும் ஏன் உறுத்துகிறது?

பாதயாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பழநிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்ட ஒருவர், மலையடிவாரம் வரை காரில் வந்து இறங்குகிறார். அதே மலை, அதே முருகன், அதே தரிசனம். வெளியீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் நேர்ந்துகொண்டது தரிசனத்தை அல்ல, நடையை. காரில் வருவது தப்பா என்றால் தப்பே இல்லை. லட்சக்கணக்கான பேர் அப்படித்தான் வருகிறார்கள். நடப்பதாகச் சொல்லிவிட்டுக் காரில் வருவதுதான் பிரச்சினை. ஒரு மென்பொருள் யாருக்கும் எதையும் நேர்ந்துகொள்வதில்லை. விளைவைத் தருகிறேன் என்று மட்டும்தான் சொல்கிறது. ட்ரிப்யூட் என்று சுவரொட்டியில் போட்டுக்கொண்ட குழு நேர்ந்துகொண்டிருக்கிறது. ரெக்கார்டிங் எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கிறது, சத்தம் மட்டும்தான் வேண்டுமென்றால் யாரும் வீட்டைவிட்டு வர வேண்டியதில்லை. அவர்கள் செய்ததை எங்கள் கைகளால் மறுபடி செய்து காட்டுகிறோம் என்பதுதான் வாக்கு. நம் மொழி இந்த வகைக் கடனுக்கு நேர்த்திக்கடன் என்று பெயர் வைத்திருக்கிறது. நேர்த்தி என்றால் வேலை சுத்தம் என்றும் ஒரு பொருள் இருப்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு வசதியாகப் போயிற்று.

இனி கை. மெய்டன் பாட்டுகளில் பலவற்றின் அடியில் குதிரை ஓட்டம் போன்ற ஒரு தாளம் வரும். ஒரு அடிக்கு மூன்று சுரம்: ஒன்று நீளம், இரண்டு குட்டை. 1983இல் வந்த ‘தி ட்ரூப்பர்’ நிமிடத்துக்குச் சுமார் 160 அடி வேகம். குதிரை ஓடும் இடங்களில் நொடிக்கு எட்டுச் சுரம். ஹாரிஸ் இதைப் பிக் இல்லாமல் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டால் வாசிக்கிறார். இரண்டு விரல், மூன்று சுரம் என்பதால் மாற்றி மாற்றி வாசிக்கும்போது ஒரு அடியைச் சுட்டுவிரல் தொடங்கினால் அடுத்த அடியை நடுவிரல் தொடங்கும். இரண்டு விரலுக்கும் பலம் ஒன்றாக இல்லாவிட்டால் குதிரை நொண்டும். பிக்கை வைத்து அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. தூரத்திலிருந்து கேட்கிறவருக்குப் பெரிய வித்தியாசமும் தெரியாது.

விரல் உயர்ந்தது, பிக் தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி ரிக்கன்பேக்கர் பேஸைப் பிக்கால்தான் அடித்தார். கிட்டார்க்காரராக இருந்து பேஸுக்கு வந்தவர், தாள கிட்டார் போல ஒரே சமயத்தில் பல தந்திகளைச் சேர்த்து அடித்தார். அவருக்கு ட்ரிப்யூட் செய்கிறவர் விரலால் வாசித்தால் அது இன்னொரு ஏமாற்று. மெட்டாலிகாவிலேயே பர்ட்டன் விரல், நியூஸ்டெட் பிக், 2003இல் வந்த ராபர்ட் ட்ருஹியோ மறுபடி விரல். ஒரே குழுவுக்கு மூன்று கைகள். எந்தப் பாட்டோ அந்தக் கை என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

கையைப் பற்றிப் பேசும்போது எனக்கு நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒத்துக்காரர் ஞாபகத்துக்கு வருவார். ஒரே சுரத்தை மூச்சு அறாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கச்சேரி முடிந்து யாரும் அவரைப் பாராட்டியதில்லை. ‘ஒத்தூதுகிறான்’ என்பதை வசையாகவே ஆக்கிவிட்டோம். இன்று பெரும்பாலான மேளங்களில் அந்த ஆள் இல்லை, சுருதிப்பெட்டி இருக்கிறது. சுருதி சுத்தமாகத்தான் நிற்கிறது. ஆனால் பெட்டி எதையும் கேட்பதில்லை. ஒத்துக்காரர் கேட்டார். மாணவனாக ஒத்து ஊதி, பக்கத்தில் நின்று கேட்டே முழுச் சங்கீதத்தையும் உள்வாங்கியவர்கள் உண்டு. டிரம்மரிடம் இதைத்தான் சொன்னேன். லேப்டாப்பில் பேஸ் ஓடினால் அது உன்னைக் கேட்காது, நீதான் அதைக் கேட்க வேண்டும். அது போகிற வேகத்துக்கு நீ கிளிக்கைக் காதில் மாட்டிக்கொண்டு அடிக்க வேண்டியிருக்கும். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “கிளிக்குக்கு அடிக்கிறதா? அதெல்லாம் வேணாம்டா. நீயே வாசி.” தத்துவம் தோற்ற இடத்தில் சுயநலம் ஜெயித்தது. எப்படியோ பேஸ் பிழைத்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் செய்ததையே செய்ய வேண்டும் என்றால் எதுவரை?

பிளாக் சாபத்தின் கிட்டார்க்காரர் டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 17 வயதில், வேலையின் கடைசி நாளில், வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் இயந்திரத்தில் போயின. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். பிறகு சுருதியையே இறக்கினார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பில் பல பாட்டுகள் மூன்று அரைச்சுரம் கீழே இருக்கின்றன. தந்தி தளர்ந்தால் காயம்பட்ட விரலுக்குச் சிரமம் குறையும். பேஸ் வாசித்த கீசர் பட்லரும் கூடவே இறங்கினார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த, கீழிறங்கிய சத்தத்துக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை விபத்தும் இருக்கிறது.

நாங்கள் சாபத் வாசிக்கும்போது அந்தக் கனம் வேண்டும், அந்தக் காயம் வேண்டாம். இது காரில் வந்து இறங்குவது ஆகாதா? ரொம்ப நாள் இதை யோசித்தேன். ஆகாது என்றுதான் படுகிறது. காயம் அவருக்கு நேர்ந்தது, அவர் செய்தது அல்ல. தனக்கு எஞ்சிய கைக்குத் தகுந்த மாதிரி கருவியை மாற்றிக்கொண்டதுதான் அவர் செய்தது. போலச் செய்வதென்றால் அதைச் செய்யலாம்.

எங்களுக்குத் தெரிந்த இன்னொரு குழுவில் பேஸ் வாசிக்கும் பெண்ணின் கை சிறியது. பிரிசிஷனின் தந்தி நீளம் 34 அங்குலம். அதன் கழுத்தின் முனையில் விரல்களை அகட்டி ஒரு மணி நேரம் வாசித்தால் அவருக்கு மணிக்கட்டு வலிக்கும். அவர் 30 அங்குலக் குட்டைப் பேஸில் சாபத் வாசிக்கிறார். ‘இது கீசர் பேஸ் இல்லையே’ என்று ஒருவர் குறை சொன்னதாகச் சொன்னார். என்னைக் கேட்டால் அந்த அரங்கில் அயோமிக்கு மிகவும் விசுவாசமாக நடந்துகொண்டவர் அவர்தான். தன் கையைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுத்தவர் அவர். வலியைப் பொறுத்துக்கொண்டு 34 அங்குலத்தில் வாசித்திருந்தால், கீசரின் பேஸுக்கு உண்மையாக இருந்திருப்பார், அந்த இசை பிறந்த விதத்துக்கு அல்ல.

இப்படி வாழ்நாள் முழுக்க இன்னொருவருடைய நிழலாக நிற்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஜூடாஸ் ப்ரீஸ்ட் கதை அவர்களுக்காகவே நடந்த மாதிரி இருக்கும். பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் 1992இல் விலகினார். அமெரிக்காவின் ஒஹாயோவில் ப்ரீஸ்ட் பாட்டுகளை மட்டும் பாடும் ஒரு ட்ரிப்யூட் பேண்டில் பாடிக்கொண்டிருந்தார் டிம் ஓவன்ஸ். அவருடைய கச்சேரி வீடியோவைப் பார்த்த ப்ரீஸ்ட் குழு 1996இல் அவரையே சேர்த்துக்கொண்டது. 2003இல் ஹால்ஃபோர்ட் திரும்பியபோது ஓவன்ஸ் விலகினார். நிழல் சிம்மாசனத்தில் உட்கார்ந்து இறங்கிய கதை என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஓவன்ஸ் அதோடு நிற்கவில்லை, வேறு குழுக்களில் தொடர்ந்து பாடினார். இன்னொருவர் குரலின் பின்னால் நடந்து நடந்து அவர் சம்பாதித்த தொண்டை அவருடையது. அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. கப்பம் கட்டினால் கை காலியாகும். நேர்த்திக்கடன் அப்படியில்லை, நடந்தவருடைய காலில் பலம் தங்கிவிடும்.

நான் வாங்கியது பழைய பிரிசிஷன் வகைப் பேஸ், இரண்டாம் கை. தலையில் பெரிய பெயர் எதுவும் இல்லை. கறுப்பு. சின்னம் எதுவும் ஒட்டவில்லை. ஹாரிஸும் சரி, தொடக்க கால கீசரும் சரி, பிரிசிஷன்காரர்கள் என்பதால் இரண்டு கடனுக்கும் ஒரே கருவி போதும். மிச்சமான பணத்தில் தடித்த ஃபிளாட்வுண்ட் தந்தி மாட்டினேன். இதில் பொறியியல் காரணமும் உண்டு. அடித்தந்தி சாதாரணமாக 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். சாபத்துக்காக மூன்று அரைச்சுரம் இறக்கினால் 34.6 ஹெர்ட்ஸ். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஏறத்தாழ 30 சதவீதம் விழுந்துவிடும். மெல்லிய தந்தியானால் கொடியில் காயும் துணி மாதிரி ஆடும். தடித்த தந்தி தாங்கும். தினமும் அரை மணி நேரம் சுட்டுவிரலையும் நடுவிரலையும் ஒன்றுபோல அடிக்கப் பழக்குகிறேன். ஆக, பேஸ் வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்டால் வரிசை இதுதான்: முதலில் உங்கள் கை, அடுத்து அந்தப் பாட்டில் வாசித்தவரின் கை, பிறகு தந்தி, பிறகு மரமும் பிக்கப்பும், கடைசியில் வண்ணமும் பெயரும். கடையில் இந்த வரிசை தலைகீழாகத்தான் தொங்கும்.

இனி நியூஸ்டெட் விஷயம். ரெக்கார்டுக்கு விசுவாசமாக இருப்பதென்றால் நான் கேட்கக்கூடாது. ஆனால் 1988இல் நடந்ததை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு மனிதர் உட்கார்ந்து எல்லாப் பாட்டுகளையும் வாசித்தார். அது ஒரு செயல். பிறகு அவருடைய வாசிப்பு கேட்காமல் ஆக்கப்பட்டது. அது வேறொரு செயல். நான் நேர்ந்துகொண்டது பேஸ் வாசித்தவரின் இடத்தில் நிற்பதாக. சத்தத்தைக் குறைத்தவர்களின் இடத்தில் நிற்பதாக இல்லை. மேடையில் அந்தப் பாட்டுகள் எப்படி இருந்தன என்பதற்கும் பதிவு இருக்கிறது. 1989இல் சியாட்டிலில் வாசித்தது 1993இல் வெளியானது. அதில் பேஸ் நன்றாகக் கேட்கிறது. ஆகவே மேடைக்கு அசல் எது என்ற கேள்விக்கு அந்தக் குழுவே ஒரு பதிலை வைத்திருக்கிறது.

அந்தத் தொகுப்பையே திருத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பேஸை உயர்த்தி ரசிகர்கள் செய்த கலவைகள் இணையத்தில் கிடக்கின்றன, கேட்க நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் 1988இன் பதிவு அவர்களுடைய துக்கமும் சிடுசிடுப்பும் சேர்ந்து செய்தது. அதை அப்படியே வைத்திருக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, அதற்கான பெயரும் அவர்களுக்கு. மேடையோ வேறு. அங்கே உயிரோடு ஒருவர் நிற்கிறார். ‘அச்சு அசல்’ என்ற பெயரில் அவரைக் கேட்காமல் ஆக்கினால் முன்னோர் செய்த ஒரு சிறு அநியாயத்தை மரபு என்று சொல்லித் திரும்பச் செய்வதாகும். மரபு என்ற சொல்லை அப்படிப் பயன்படுத்தி நமக்கு நிறைய அனுபவம் இருக்கிறது. பாட்டில்கூட அதைச் செய்ய வேண்டாம்.

போன மாதம் அந்தத் தொகுப்பின் முதல் பாட்டை வாசித்தோம். பிக்கால் அடித்தேன், நியூஸ்டெட்டின் கை அதுதான் என்பதால். சத்தம் மற்றவர்களுக்குச் சமமாக இருந்தது. முடிந்ததும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, “ஆனா ரெக்கார்டு மாதிரி இல்லையே தம்பி” என்றார். அந்தத் தொகுப்பைக் கேசட் காலத்திலிருந்து கேட்கிறாராம். அடியில் ஒன்றும் இல்லாத அந்த வெறுமைதான் அவருக்கு அந்தப் பாட்டு. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முப்பது வருடக் காதலுக்கு நான் எந்தப் பதிலும் வைத்திருக்கவில்லை. “ஆமா சார், இதுல பேஸ் கேக்கும்” என்று மட்டும் சொன்னேன்.

“யாரு வாசிச்சதுப்பா அது, ஒரிஜினல்ல?” என்று கேட்டார்.

பெயரைச் சொன்னேன்.